கான் அடைபட்டால் ஆறும் கரை மீறும்

மகாவலி பெருகினால் கம்பளையில் கடைகள் மூழ்கும். பள்ளத்து வயல்களை மணல் மூடும். செய்தியில் வருவது அவ்வளவுதான். அந்தத் தண்ணீர் இறங்கி வருவது நாம் கொழுந்து பறிக்கும் மலைகளிலிருந்து என்பதை யாரும் பேசுவதில்லை.

1947 ஆகஸ்ட் மாதப் பெருவெள்ளத்தில் கம்பளையும் பேராதனையும் நீரில் நின்றன. பின்னர் கொத்மலை அணை கட்டப்பட்டது. இனி அப்படி வராது என்று பலரும் நம்பினர். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் அந்த நம்பிக்கையை உடைத்தது. நாட்டில் 600க்கு மேற்பட்டோர் இறந்தனர். அதிக உயிர்களை இழந்தது நமது கண்டி மாவட்டமே. பலரைக் கொன்றது ஆறு அல்ல, மலையிலிருந்து சரிந்த மண்.

நமது பன்விலவையே பாருங்கள். நக்கிள்ஸ் மலையிலிருந்து வரும் ஹுளுகங்கை, தோட்டங்களையும் வயல்களையும் தாண்டி மகாவலியில் சேருகிறது. மலையில் கான் அடைபட்டால் மழைத் தண்ணீர் ஓட வழியின்றி மண்ணுக்குள் ஊறும். பாரம் தாங்காத சரிவு லயத்தின் மேல் விழும். அரித்துப்போன மண் ஆற்றின் அடியை உயர்த்தும். ஆறு கரை மீறி விவசாயியின் வயலில் ஏறும். மலையில் நமக்கும் பள்ளத்தில் அவருக்கும் வரும் அழிவு ஒன்றுதான்.

கான் வெட்டு ஒரு காலத்தில் தோட்டத்தில் தவறாமல் நடந்த வேலை. இன்று பல மலைகளில் அது வீண் செலவாகக் கணக்கிடப்படுகிறது. மிச்சம் பிடிக்கும் காசு நிர்வாகத்துக்கு, இடிந்து விழும் சுவர் நமக்கு!

எச்சரிக்கை மட்டும் நம்மைக் காப்பாற்றாது. கொஸ்லந்தை மீரியபெத்தைக்கு 2005இலும் 2011இலும் மண்சரிவு எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. மக்கள் குடியேற மாற்றுக் காணி கிடைக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. போக இடம் இல்லாதவனிடம் "வெளியேறு" என்றால் அவன் எங்கே போவான்?

1948இல் நமது குடியுரிமை பறிக்கப்பட்டது. குடியுரிமை திரும்பி வந்தும் நிலம் வரவில்லை. 7 பேர்ச், 10 பேர்ச் என்ற பேச்சு நடந்துகொண்டே இருக்கிறது. லயம் தோட்டத்துச் சொத்து என்பதால், அது இடிந்தாலும் வீட்டை இழந்தவர் என்ற கணக்கில் நம்மைச் சேர்க்கத் தயங்குகிறார்கள்.

ஆகவே நமது கோரிக்கைகள் மூன்று. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன் கான்கள் துப்புரவு செய்யப்பட வேண்டும். அதற்கு முழு நாள் பெயர் போடப்பட வேண்டும். ஆபத்தான லயங்களில் உள்ளவர்களுக்குப் பாதுகாப்பான காணி உறுதியோடு வழங்கப்பட வேண்டும். நிவாரணப் பட்டியலில் லயத்தில் குடியிருப்பவரே வீட்டுக்காரராகக் கொள்ளப்பட வேண்டும்.

அதுவரை நாமும் விழிப்பாக இருப்போம். சுவரில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய ஊற்று ஆகியவற்றைக் கண்டால் பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு உடனே வெளியேறுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் தோட்டக் கமிட்டித் தலைவருக்கும் அறிவியுங்கள். வேலை நாள் போனால் அதற்காகப் போராடலாம். உயிர் போனால் எந்தச் சங்கமும் அதை மீட்டுத்தர முடியாது.