கதை மேசையும் கணினிக் கருவியும்

கல்லூரி மலரில் விளையாட்டைப் பற்றி எழுதுவதா எனச் சிலர் எண்ணக்கூடும். நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட விளையாட்டு கதை சொல்லும் கலையோடு நெருங்கிய உறவுடையது. ஆதலின் தமிழ்த்துறை மலரில் அதற்கு இடமுண்டு எனக் கருதுகிறோம்.

1974ஆம் ஆண்டு, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டு வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் அதனை ஆக்கினர். ஒரு பெட்டியில் மூன்று சிறு நூல்கள். முதலில் அச்சிட்டவை 1000 படிகளே. நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் போர்வீரன், மாயவித்தைக்காரன், ஒளிந்து செல்வதில் வல்லவன் என ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பர். "கோட்டைக் கதவு பூட்டியிருக்கிறது, என்ன செய்வீர்கள்?" என நடத்துநர் வினவுவார். உடைப்பேன் என்பார் ஒருவர். காவலனிடம் பேசிப் பார்ப்பேன் என்பார் மற்றொருவர். முயற்சி பலிக்குமா என்பது ஐயத்துக்குரியதாயின் இருபது முகப் பகடை அதனைத் தீர்த்துவைக்கும். முன்னரே எழுதிவைத்த முடிவு எதுவும் இல்லை. கூடியிருப்போர் அனைவரும் சேர்ந்து ஆக்கும் வாய்மொழிக் கதை அது.

பகடை என்றதும் நம் பெரியோர் தயங்குவர், அத்தயக்கம் நியாயமானதே. சூதை மார்க்கம் தடுத்துள்ளது. திருக்குறளும் அதனை விலக்குதற்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியுள்ளது. இவ்விளையாட்டில் பந்தயப் பொருள் இல்லை. ஒருவர் வெல்ல மற்றவர் இழப்பதும் இல்லை. அவ்வாறிருந்தும் பகடையை அறவே தவிர்க்க விரும்புவோர் உளர். அவர்க்கும் வழியுண்டு. 1991இல் வெளிவந்த 'ஆம்பர்' என்னும் கதை விளையாட்டு பகடையின்றியே நடைபெறுவது. நல்ல கருவி இவ்விரு முறைக்கும் இடந்தர வேண்டும்.

இனி, கருவிக்குத் தேவை என்ன? விதிகள் பெருகிவிட்டன. 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில் ஆடுவோர்க்கான கைந்நூல் மட்டும் 320 பக்கம். யாருக்கு எவ்வளவு காயம், அடுத்த முறை யாருடையது, எத்தனை அம்பு எஞ்சியுள்ளது என்று கணக்கெழுதுவதிலேயே மாலைப்பொழுது கழிந்துவிடுகிறது. கதை நின்று, பக்கம் புரட்டும் ஓசையே மிஞ்சுகிறது. இச்சுமையைக் கணினி ஏற்பது வரவேற்கத்தக்கது. 2012இல் தோன்றிய 'ரோல்20', தொலைவில் வாழும் நண்பரையும் ஒரே வரைபடத்தின் முன் அமர்த்தியது. 2020இல் வந்த 'ஃபவுண்ட்ரி'யை ஒருவர் விலைக்கு வாங்கித் தம் கணினியிலேயே நடத்தலாம். நண்பர் தனியே பணம் செலுத்தாமல் அதில் கலந்துகொள்ளலாம்.

எனினும், கணக்கை ஏற்கும் கருவி தீர்ப்பையும் ஏற்க முற்படுமாயின் அங்கே விளையாட்டின் உயிர் போய்விடும். பூட்டிய கதவின் கீலில் எண்ணெய் ஊற்றி ஓசையின்றித் திறப்பேன் என்று ஒரு மாணவி சொல்கிறாள் எனக் கொள்வோம். கணினித் திரையில் அதற்குப் பொத்தான் இராது. பொத்தான் இல்லாத யோசனை சொல்லப்படாமலே மடியும். ஆகவே எந்த எண்ணையும் எந்த விதியையும் நடத்துநர் ஒரு தொடுகையில் மாற்ற இயல வேண்டும். செயற்கை அறிவுக்கும் இதே எல்லைதான். மூன்று திங்களுக்கு முன் கதையில் வந்து போன காவலனின் பெயரை அது நினைவூட்டட்டும். அக்காவலன் இன்று என்ன பேசுவான் என்பதை மனிதரே சொல்லட்டும்.

இதனினும் பெரியது அமானிதம். ஒரு குழு பல்லாண்டு வளர்த்த பாத்திரங்களும் குறிப்புகளும் இன்று நிறுவனங்களின் கணினிகளில் இருக்கின்றன. 2024 ஆகஸ்டில், 'டி அண்ட் டி பியாண்ட்' என்னும் கருவியில், சேமித்துவைத்த பாத்திரத் தாள்களின் பழைய மந்திரங்களுக்குப் பதில் புதிய பதிப்பினவற்றைப் புகுத்தப் போவதாக அறிவிப்பு வந்தது. ஆடுவோர் எதிர்த்தனர், சில நாட்களில் அம்முடிவு கைவிடப்பட்டது. ஒப்படைத்த பொருளைக் கேளாமல் மாற்றுவது நம்பிக்கைக்கு ஊறு அன்றோ? காகிதத்தில் எழுதிய தாளை எந்த நிறுவனமும் இரவோடிரவாகத் திருத்த இயலாது. கணினித் தாளுக்கும் அவ்வுறுதி வேண்டும். எழுதியவர் விரும்பும்போது அதனைப் படியெடுத்துத் தம்மிடம் வைத்துக்கொள்ளவும், வேறு கருவிக்குக் கொண்டுசெல்லவும் உரிமை வேண்டும். சந்தா நின்றால் கதையும் மறைந்துபோகும் ஏற்பாட்டை நாம் ஏற்பதற்கில்லை.

பார்வையற்றோர் செவியால் பயன்படுத்தும் வசதியும் மொழி வசதியும் பின்னர்ச் சேர்க்கும் அணிகலன்கள் அல்ல. அடித்தளத்திலேயே அமைய வேண்டியவை. வரைபடத்தைப் பார்க்க இயலாதவர்க்குக் கருவி அதனைச் சொல்லிக்காட்ட வேண்டும். பாத்திரத்தின் பெயரும் படைக்கலத்தின் பெயரும் தமிழிலேயே எழுதப்பெற்று, தமிழிலேயே தேடப்பெற வேண்டும்.

இஃது எட்டாக் கனவன்று. 2000ஆம் ஆண்டு முதல் பிறர் பயன்பாட்டுக்குத் திறந்திருந்த உரிமத்தை மாற்ற, 2023 சனவரியில் உரிமையாளர் முயன்றனர். பெரும் எதிர்ப்பு எழவே, அத்திங்கள் 27ஆம் நாள், 400 பக்கங்களுக்கு மேற்பட்ட அடிப்படை விதித்தொகுப்பினை 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்தில் வெளியிட்டனர். மூலத்தைச் சுட்டினால் போதும். எவரும் அதனை மொழிபெயர்க்கலாம், அதன்மேல் கருவியும் அமைக்கலாம்.

அவ்வாறாயின் நாம் எதற்காகக் காத்திருக்கிறோம்? கணினித்துறை மாணவர் கணக்கைக் கவனிக்கட்டும்; தமிழ்த்துறை மாணவர் சொல்லைக் கவனிக்கட்டும். இரு துறையினரும் ஒரு மேசையில் அமர்ந்து இப்பணியைத் தொடங்குவார்களாயின், ஆசிரியரும் பெரியோரும் துணைநிற்பர் என்பது நம் நம்பிக்கை. முதற்கண் ஒரு தாளில் தமிழ்க் கலைச்சொற்களை எழுதத் தொடங்குவோம். இறைவன் நாடினால் கருவி பின்னே வரும்.