அடுக்களைக்கு மலை தெரியக் கூடாதா?

ராஜபாளையத்தில் மனை வாங்கினேன். நிமிர்ந்தால் மேற்கே மலைத்தொடர். கடன் என் பெயரில், தவணை என் சம்பளத்தில். வரைபடத்தை விரித்த பொறியாளர் முதலில் கேட்டது: "சார் வரலையா மேடம்?"

அந்த வரைபடத்தில் மலை வரவேற்பறைக்கும் மாடி பால்கனிக்கும் போயிருந்தது. அடுக்களை அக்கினி மூலையில், காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தபடி. 'இயற்கையோடு இணைந்த நவீன வீடு' என்றார். நாளில் அதிக நேரம் நான் நிற்கப்போகும் இடத்துக்குக் கிடைத்த இயற்கை, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை.

பழைய வீடு மேல் என்று சொல்ல வரவில்லை. திண்ணை ஆண்களுக்கு, கொல்லைப்புறம் பெண்களுக்கு. துவைகல்லும் அம்மியும் அங்கே; மாதம் மூன்று நாள் ஒதுக்கிவைத்ததும் அங்கே. கொல்லையில் இருந்த அத்தனை மரத்துக்கும் தண்ணீர் ஊற்றிய என் அம்மா, ஒன்றின் நிழலிலும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முற்றத்துக்கு ஏங்கி எழுதுகிறவர்கள், அதைக் கூட்டிப் பெருக்கியவளைக் கேட்டுவிட்டு எழுதட்டும்.

பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். நந்தவனத்தில் துளசியடியில் கிடைத்த பெண், பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடிக் கிணற்று நீரில் அழகு பார்த்தாள் என்பது கதை. தோட்டம் அவளுக்குப் பூப்பறிக்கும் இடம் மட்டுமல்ல, தன்னைப் பார்த்துக்கொண்ட இடமும்கூட. அவளைக் கும்பிட்டுவிட்டு வந்து வீடு கட்டுகிறோம். நந்தவனத்தைக் கோயிலிலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

வீட்டையும் தோட்டத்தையும் இணைத்த நவீனக் கட்டடக்கலை என்றதும் எல்லோரும் இலங்கையின் ஜெஃப்ரி பாவாவைச் சொல்வார்கள். அவர் கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றது 1957இல். அதற்கு முன்பே, 1951இல், கண்டியின் மலைச்சரிவில் நிலத்தின் ஏற்ற இறக்கத்தோடு கருணாரத்ன இல்லத்தைக் கட்டி முடித்திருந்தார் மினெட் டி சில்வா. 1948இல் பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர்களின் அரச கழகத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். கண்டியின் வட்டப்புலுவ குடியிருப்பைத் திட்டமிட்டபோது, குடிவரப்போகிறவர்களிடமே வினாப்பட்டியல் கொடுத்து அவர்கள் தேவையைக் கேட்டார். 1998இல் இறந்தார். பாவாவின் பெயர் தெரிந்த எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

என்னிடம் யாரும் வினாப்பட்டியல் நீட்டவில்லை. நானே எழுதிக்கொண்டு போனேன். அடுக்களை வாயு மூலைக்கு வரட்டும். அதுவும் ஆகும் என்று வாஸ்துக்காரர்களே சொல்கிறார்கள். மேற்கு வெயில் அடிக்குமா? ஆழமான தாழ்வாரம் இறக்குங்கள், வெளியே ஒரு வேம்பு வைப்போம். ஜன்னல் இடுப்பு உயரத்தில் தொடங்கட்டும். கதவைத் திறந்தால் தோட்டம். அங்கே துவைகல்லுக்கு முன்னால் ஒரு கல்பெஞ்சு.

"அப்படியானால் அடுக்களை பெண்ணுக்குத்தான் என்று ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. இல்லையம்மா. சுவரைப் பார்க்கும் அறையில் ஒருத்தியை மட்டும் நிறுத்திவைப்பது எளிது. யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். மலை தெரியும் அறைக்கு எல்லோரும் வருவார்கள். வருகிறவர்கள் சும்மா நிற்காமல் வெங்காயம் உரிக்கட்டும்.

வீடு கட்டப்போகும் பெண்களே, வரைபடத்தில் முதல் கோடு அந்த ஜன்னலாக இருக்கட்டும். சார் அப்புறம் வந்து பார்க்கலாம்.