கடல் எழுதும் ஏடு

தமிழ் பயிலும் மாணாக்கர்க்குக் கடலின் வெப்பக் கணக்கோடு யாது தொடர்பு என்று வினவுவார் நம் கல்லூரியிலும் உளர். தொடர்பு உண்டென்பதே நம் கொள்கை. பழஞ்சுவடியில் ஒரு பாடம் பொருந்தாது தோன்றின், அஃது ஏடெழுதினோன் பிழையோ, புலவன் கருதியே அமைத்த அரிய வழக்கோ எனத் துணிதல் எத்துணை அரிதென்பதை நாம் வகுப்பில் நாடோறும் காண்கின்றோம். ஆழந்தோறும் கடலின் வெப்பநிலையை அளந்து வரைந்த கோட்டினைப் படிப்போரும் இதே இடர்ப்பாட்டில் நிற்கின்றனர்.

ராஜகீழ்ப்பாக்கத்தினின்று வேளச்சேரிச் சாலைவழியே சென்றால் பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் இருக்கின்றது. 1993ஆம் ஆண்டில் தோன்றிய இந்நிலையம் வங்காள விரிகுடாவிலும் அரபிக் கடலிலும் நங்கூரமிட்ட மிதவைகளை நிறுத்தி, பல ஆழங்களில் நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளந்து வருகின்றது. அவ்வழியே பேருந்தில் போய்வரும் நம்மவருள் இதனை அறிந்தார் சிலரே. ஆயினும் 2023 டிசம்பரில் மிச்சாங் புயலால் பள்ளிக்கரணையும் முடிச்சூரும் நீரில் நின்றதை எவரும் மறந்திலர். புயல் உண்ணும் உணவு கடலின் வெப்பமே. அவ்வெப்பம் மேற்பரப்பில் எவ்வளவு என்பது மட்டும் போதாது. 26 பாகைக்கு மேற்பட்ட நீர் எத்துணை ஆழம்வரை நிற்கின்றது என்பதும் அறியப்பட வேண்டும். ஆழத்தைப் பிழைபட அளந்தால் புயலின் வலிமையையும் பிழைபடவே கணிப்போம்.

1938ஆம் ஆண்டில் ஸ்பில்ஹாஸ் என்பார் அமைத்த கருவியில், புகையூட்டிய கண்ணாடித்துண்டின்மீது ஓர் ஊசி கீறிக்கொண்டே ஆழத்தில் இறங்கும். ஏட்டில் எழுத்தாணி ஓடுவது போன்றதே அதுவும். பின்னர் வந்தது எறிகருவி. ஓடும் கப்பலிலிருந்து அதனை நீரில் விடுவர். மயிரினும் மெல்லிய செப்புக்கம்பி கருவியிலும் கப்பலிலும் உள்ள இரு சுருள்களினின்று அவிழ, 760 மீட்டர் ஆழத்தை அஃது ஏறக்குறைய இரண்டு நிமிஷத்தில் அடையும். சென்னைக்கும் போர்ட் பிளேயருக்கும் இடையே செல்லும் கப்பல்களிலிருந்து இவ்வளவைகள் பல்லாண்டு எடுக்கப்பட்டுள்ளன.

வியப்பு யாதெனில், எறிகருவி ஆழத்தை அளப்பதே இல்லை. விழுந்த நேரத்தைக்கொண்டு ஆழம் கணக்கிடப்படுகின்றது. அக்கணக்கு நெடுங்காலம் பிழையாகவே இருந்தது. 700 மீட்டர் எனக் குறித்த இடம் மெய்யாக 723 மீட்டர் அளவில் இருந்தமை 1995ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியால் நிலைபெற்றது. பழைய குறிப்புக்களைத் திருத்துவது எங்ஙனம் கூடிற்று? மூலத்தை அழியாது வைத்திருந்தமையால் அன்றோ!

இனிக் கருவியின் பிழைகளைக் காண்போம். கம்பி அறுந்தால் கோடு அளவைக்கு அப்பால் ஒரேயடியாகத் தாவும். அதனைச் சிறுவனும் கண்டுகொள்வான். தரையில் மோதியதும் அவ்வாறே எளிதில் தெரியும். நீரில் விழுந்தவுடன் முதல் நான்கு மீட்டரளவில் வரும் குறிப்பு நம்பத்தக்கதன்று. வஞ்சகமானது கம்பியின் காப்புப்பூச்சு சிதைவதே. மின்சாரம் நீரிற் கசியவே தடை குறைந்ததாகக் கருவி கொள்ளும். வெப்பம் மிகின் தடை குறைவது அவ்வெப்பமானியின் இயல்பாதலால், குளிர்ந்த நீரும் வெந்நீராகத் தோன்றும்.

ஈண்டுதான் வங்காள விரிகுடா நம்மைச் சோதிக்கின்றது. கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி ஆகிய ஆறுகள் சொரியும் நன்னீர் உப்புநீரினும் இலேசாதலால் மேலே போர்வைபோற் பரந்து நிற்கும். பனிக்காலத்தில் வடபகுதியில் அப்போர்வை குளிர, அதன்கீழ் உள்ள நீர் ஓரிரு பாகை வெம்மையாகவே இருக்கும். மேலே குளிர், கீழே வெப்பம்! பிற கடல்களுக்கென வகுத்த விதியைக் கையிற் கொண்டவர் இதனைக் கம்பிக்கசிவென்று தள்ளுவர். நம் கடலை அறிந்தவரோ மெய்யெனக் கொள்வர். ஐயம் வந்தால் உடனே இரண்டாவது கருவியை எறிதல் வேண்டும். இரண்டும் ஒத்தால் பெரும்பாலும் கடலின் சொல். ஒவ்வாவிடின் கம்பியின் பிழை. கப்பலிலுள்ள பெட்டியையே ஐயுற்றால், அளவறிந்த தடையொன்றை இணைத்துச் சோதிக்கலாம். செலவு மிகுமென்று இரண்டாம் எறிதலை விடுவது தகாச் சிக்கனம் என்போம்.

பொருந்தாக் குறிப்பை இயந்திரமே நீக்கிவிடட்டும் என்பாரோடு நாம் உடன்படோம். உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பிரதிபேதங்களைக் காத்தமையாலன்றோ இன்று நாம் அவற்றை மீண்டும் ஆராய்கின்றோம்! நீக்கப்படும் அளவையும் நீக்கிய காரணத்தோடு பேழையில் இருத்தல் வேண்டும். ஆயினும் எதிர்ப்புறத்தார் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. 2006ஆம் ஆண்டில் மேற்கடல் குளிர்ந்துவிட்டதென ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. மிதவைகளுள் ஒரு தொகுதி ஆழத்தைப் பிறழக் குறித்தமையும், எறிகருவிகள் வெப்பத்தைச் சற்று மிகுத்துக் காட்டியமையும் பின்னர்ப் புலனாயின. எழுதியவர்களே 2007இல் திருத்தம் வெளியிட்டனர். வியத்தகு குறிப்பையெல்லாம் நம்பின் விளைவது இதுவே. எனினும் அத்திருத்தத்திற்கும் மூலக்குறிப்புக்களே துணை செய்தன.

நங்கூரமிட்ட மிதவைகளின் இடரோ வேறு. அவற்றின் நிழலில் மீன் கூடும். மீன் கூடுமிடத்தில் வலையும் படகும் கூடும். படகைக் கட்டுவதாலும் பாகங்களைக் கழற்றுவதாலும் கருவிகள் ஊமையாகின்றன. இதற்குத் தண்டனையே மருந்தென்பது நமக்கு உடன்பாடன்று. புயலில் முதலில் உயிரிழப்போர் கடல்மேற் செல்லும் அம்மக்களே. மிதவை எழுதிய கோட்டினை அவர்கள் குப்பத்திலேயே விரித்து, இன்ன நாள் இன்ன புயலுக்கு முன் கடல் இங்ஙனம் இருந்தது என்று நம் தமிழிற் படித்துக் காட்டுவார் வேண்டும். அப்பணிக்கு நம் வகுப்பினர் முற்றும் தகுதியுடையோரே.