வாளைப் பறித்த கள்வன்

பொங்கலுக்கு ஊர் செல்லும் வாரத்தில் சேலையூர்த் தெருக்களில் ஆண்டுதோறும் ஒரே காட்சிதான். பால்காரரிடம் நாள் குறித்துச் சொல்வார்கள், செய்தித்தாளை நிறுத்துவார்கள், நகைகளை வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டு வருவார்கள், வாசல் விளக்கை எரியவிடுவதா அணைத்துவிடுவதா என்று கணவனும் மனைவியும் வாதிடுவார்கள். சென்ற பொங்கலுக்கு முன் நம் தெருவில் வசிக்கும் முதியவர் ஒருவர் நம்மிடம் வேறொரு கேள்வியோடு வந்தார். இராணுவத்தில் பணியாற்றி, பின் வங்கிக் காவலராக இருந்து, அதிலிருந்தும் ஓய்வு பெற்றவர். "சார், நகையை லாக்கர்ல வெச்சாச்சு. இதை எங்க வெக்கிறது?" என்றார். 'இது' என்று அவர் சுட்டியது உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கியை. "இத்தனை வருஷம் இது எங்களைக் காத்தது, இப்ப நாங்க இதைக் காக்கிறோம்" என்று உள்ளிருந்து அவர் மனைவி சொன்னார்.

அந்த அம்மையாரின் சொல் நம்மை நெடுநாள் தொந்தரவு செய்தது. வீட்டைக் காக்க வாங்கிய கருவியை வீடு காக்க வேண்டி வருவதை இலக்கியம் படித்தோர் எளிதில் முரண் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் அந்த முதிய தம்பதியருக்கு அது இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் நடைமுறைக் கவலை.

அச்சம் பொய்யன்று என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் நாம் இப்பகுதிக்குக் குடிவந்தபோது மாடம்பாக்கம் வரையிலும் அகரம்தென் வரையிலும் வீடுகளைவிட வெற்று மனைகளே மிகுதி. 2005 ஜனவரியில், பெரியபாளையத்தை அடுத்த தானாகுளத்தில், அன்றைய கும்மிடிப்பூண்டிச் சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் தம் வீட்டிலேயே வடநாட்டுக் கொள்ளையரால் சுட்டுக் கொல்லப்பட்டார். நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளைக் குறிவைத்து ஆண்டுக்கணக்கில் கொன்று கொள்ளையிட்ட அந்தக் கும்பலின் கதையைப் பின்னாளில் 'தீரன் அதிகாரம் ஒன்று' (2017) திரைப்படத்தால் இளைஞர்களும் அறிந்தார்கள். சட்டமன்ற உறுப்பினருக்கே இந்தக் கதி என்றால் நமக்கு யார் துணை என்ற பேச்சு அன்று புறநகர் எங்கும் கேட்டது. 2012 தொடக்கத்தில் பெருங்குடியிலும் கீழ்க்கட்டளையிலும் வங்கிகள் துப்பாக்கி முனையில் கொள்ளையிடப்பட்டபோது அதே பேச்சு மீண்டது. 2025 மே மாதம் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் தனித்திருந்த முதிய தம்பதியர் கொல்லப்பட்டுக் கிடந்த செய்தி வந்தபோது, "ஆளுக்கொரு துப்பாக்கி கொடுத்துவிடலாம்" என்று படித்த நண்பர்களே சொல்லக் கேட்டோம்.

இந்த இடத்தில் நமக்குச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை நினைவுக்கு வருகிறது. கோவலனைக் கண்ட காவலர், இவன் முகத்தில் கள்வனுக்குரிய குறி இல்லையே என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் நகைத்து, களவு நூலோர் துணையாகக் கொள்ளும் எட்டினை அடுக்கிச் சொல்லி, ஒரு கதையும் சொல்கிறான். உறங்கும் இளவரசனின் ஆரத்தைக் கள்வன் கவர்கிறான். விழித்த இளவரசன் வாளை உருவ, கள்வன் அதன் உறையைக் கைப்பற்றி, வீசும் வீச்சையெல்லாம் உறையிலேயே ஏற்றுத் தப்பிவிடுகிறான். அதைக் கேட்ட வேலேந்திய இளைஞன் ஒருவன் தன் அனுபவத்தைச் சொல்கிறான். மழைக்காலத்து நள்ளிருளில் கள்வனைக் கண்டு வாளை உருவினானாம். கள்வன் அந்த வாளையே பறித்துக்கொண்டு மறைந்தானாம்.

வகுப்பறையில் இப்பகுதியைப் பல முறை நடத்தியிருக்கிறோம். கோவலனின் ஊழைப் பற்றியும் பொற்கொல்லனின் சூழ்ச்சியைப் பற்றியும் பேசியிருக்கிறோம். இரண்டு கதைகளிலும் ஆயுதம் இருந்தும் உடையவனுக்குப் பயன்படவில்லை என்பதையும், ஒன்றில் அது கள்வன் கைக்கே போய்விட்டது என்பதையும் அந்த முதியவர் கேட்ட பிறகே கவனித்தோம். காப்பியம் அத்தோடு நிற்கவுமில்லை. இக்கதைகள் கிளப்பிவிட்ட அச்சத்தில், ஆராயாத ஒருவன் வாளை எறிய, குற்றமற்றவன் வீழ்கிறான். ஆயுதம் பறிபோவது முதல் தீங்கு. அச்சத்தில் அது தவறான ஆள்மீது பாய்வது இரண்டாம் தீங்கு.

முதல் தீங்குக்கு இன்றைய சான்று அமெரிக்கா. அங்கு 2017 முதல் 2021 வரையிலான ஐந்தாண்டுகளில் தனியாரிடமிருந்து பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் திருடுபோனதாக அந்நாட்டு அரசின் அறிக்கையே தெரிவித்தது. அவற்றில் பலவும் தற்காப்புக்கென வாங்கப்பட்டவையாகவே இருந்திருக்கும். களவுபோன நகை உருகிப் போகிறது. களவுபோன துப்பாக்கி இன்னொரு வீட்டு வாசலில் நிற்கிறது. நகையை இழந்தவருக்கு நட்டம் தம்மோடு முடிகிறது. துப்பாக்கியை இழந்தவருக்கு அப்படி முடிவதில்லை.

இரண்டாம் தீங்குக்குச் சான்று தேடி அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 2018 மே மாதம் குழந்தை கடத்துவோர் நடமாடுவதாகக் கைப்பேசிகளில் வதந்தி பரவியபோது, திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குச் சென்ற சென்னை மூதாட்டி ஒருவரை ஊரார் அடித்தே கொன்றார்கள். அந்தக் கூட்டத்தின் கையில் துப்பாக்கி இல்லை. இருந்திருந்தால் என்ற கேள்வியை ஆயுதம் கேட்கும் நண்பர்கள் ஒருமுறையேனும் தமக்குள் கேட்டுப் பார்க்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1857க்குப் பிந்திய ஆங்கில அரசு 1878இல் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் ஆளப்படுவோரை நம்பாத சட்டம். அதற்கும் முன்பே, பாளையக்காரர் போர்களின் முடிவில், 1801 டிசம்பர் அறிவிக்கையால் தென்னாட்டார் ஆயுதம் களையப்பட்டனர். விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டம் உரிமத்தின் பேரில் குடிமக்கள் ஆயுதம் வைத்திருக்க வழி செய்கிறது. ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கையை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. 2016ஆம் ஆண்டு விதிகள், ஆயுதத்தைப் பாதுகாப்பாக வைப்பதை உரிமம் பெறுபவரின் கடமையாக்கின. தற்காப்புரிமையையும் சட்டம் மறுக்கவில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, இரவில் வீட்டை உடைத்துப் புகுபவனுக்கு எதிரான உரிமையை ஏற்கிறது. ஆனால் தேவைக்கு மிஞ்சிய தீங்கு கூடாது என்றும், அரசின் உதவியை நாட நேரமிருந்தால் அந்த உரிமை எழாது என்றும் வரம்பிடுகிறது. சுவரேறி ஓடுபவனின் முதுகில் சுட்டவர் தற்காப்பைப் பேச முடியாது.

நம் நாட்டில் காவலுக்கு ஒரு பழைய மரபு உண்டு. மதுரைக்காஞ்சி, நூலேணியை இடையில் சுற்றி வரும் கள்வரைப் பாடும் இடத்திலேயே, அவர்தம் ஒளிவிடம் அறிந்து நள்ளிரவில் சுற்றிவரும் ஊர்காவலரையும் பாடுகிறது. பிற்காலத்துக் காவல்முறையில், களவுபோன பொருளைக் காவல்காரர் மீட்டுத் தர வேண்டும். இயலாவிட்டால் ஈடு செய்ய வேண்டும். அந்த முறையில் மிரட்டிக் காவற்கூலி பெற்ற கொடுமைகளும் இருந்தன. அதைப் பொன்னுலகமாக்கிப் பேச நாம் வரவில்லை. ஆயுதம் ஏந்தியவன் அதன் விளைவுக்குப் பொறுப்பாளி என்ற ஒரு கொள்கையை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அந்தக் கொள்கையோடு பார்த்தால், புறநகரில் அடுத்தடுத்த சுவரில் வாழும் நமக்குப் புதிதாகத் துப்பாக்கி தேவையில்லை என்பதே நம் கருத்து. பூட்டிய வீடுகளில் களவு நடக்கையில் சுடுவதற்கு வீட்டில் ஆளே இருப்பதில்லை. துப்பாக்கி பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்து, கள்வன் கொண்டுபோகும் பொருள்களில் ஒன்றாகிறது. தோட்டத்து வீட்டில் அரை மைல் சுற்றளவில் ஆளின்றி வாழும் முதியவர்களுக்கு இதையே உபதேசிக்கும் துணிவு நமக்கில்லை. அவர்கள் கேட்பதன் நியாயம் வேறு. ஆனால் அவர்களுக்கும் உறக்கத்திலிருந்து எழுந்து, கண்ணாடி தேடி, இருட்டில் தோட்டா இடும் நேரத்தைக் கள்வன் தருவானா என்பதை எண்ண வேண்டும். இரவு ரோந்தும், எழுப்பு மணியும், அடுத்த தோட்டத்துக்கு எட்டும் தொலைபேசியும் அவர்களுக்கு அரசு முதலில் தர வேண்டியவை.

ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு நாம் சொல்லக்கூடியவை எளியவை. துப்பாக்கியைச் சுவரிலோ தரையிலோ திருகாணியால் பிணைத்த இரும்புப் பெட்டியில், குண்டு நீக்கி வையுங்கள். தோட்டாக்களை வேறிடத்தில், வேறு பூட்டில் வையுங்கள். சாவி இருக்குமிடம் வேலைக்கு வருவோருக்கும் பேரக் குழந்தைகளுக்கும் தெரியக்கூடாது. வரவேற்பறைச் சுவரில் மாட்டிப் பெருமை கொள்ள வேண்டாம். வீட்டில் துப்பாக்கி இருப்பது தெரிந்தால் அதற்காகவே ஒருவன் வரக்கூடும். வரிசை எண்ணையும் உரிமத்தின் நகலையும் தனியே வையுங்கள். களவுபோனால் உடனே காவல் நிலையத்தில் தெரிவிப்பது உரிமத்தின் நிபந்தனை. நெடுநாள் வெளியூர் சென்றால் அதற்கென உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடம் பாதுகாப்பில் ஒப்படைக்க விதிகளில் இடமுண்டு. தேர்தல்தோறும் ஒப்படைத்துப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. உரிமம் உள்ளவர் மறைந்தால் அந்த ஆயுதம் நினைவுப் பொருளாக வீட்டில் தங்கக்கூடாது. வாரிசுகள் தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும்.

நம் தெரு முதியவர் அந்தப் பொங்கலுக்குத் துப்பாக்கியை ஒப்படைத்து, ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊர் சென்றார். வாசலில் கோலம் இல்லாவிட்டால் பூட்டிய வீடு என்று தெரிந்துவிடும் என்பதால், நான்கு நாட்களும் எதிர்வீட்டுப் பெண் அங்கும் கோலமிட்டார். நாம் மாலையில் விளக்கேற்றி, இரவு பத்து மணிக்கு ஒருமுறை கேட்டை ஆட்டிப் பார்த்தோம். திரும்பி வந்தவர், துப்பாக்கியை மீட்கலாமா, உரிமத்தையே ஒப்படைத்துவிடலாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். அவர் மனைவிக்கு அதில் யோசனை ஏதுமில்லை.