நடந்து காட்டிய தொழிலாளி

ஓடுகிறவனுக்கு மாலை, நடைப்பந்தய வீரனுக்கு நையாண்டி! இடுப்பை ஆட்டுகிறானாம்! எந்நேரமும் ஒரு கால் மண்ணில் இருக்கவேண்டும். ஊன்றும் கால் மடங்கக் கூடாது. இந்தக் கட்டுக்குள் 50 கிலோமீட்டர் நடந்து காட்டட்டுமே, சிரிப்பவர்கள்!

டாமி கிரீன் நடந்து காட்டினார். சீமான் வீட்டுச் செல்வரல்ல, தோழர்களே; இங்கிலாந்தில் ஈஸ்ட்லீ இரயில்வே பட்டறைத் தொழிலாளி. எலும்பு வலுவிழந்த நோயால் ஐந்து வயதுவரை நடக்காதவர். முதல் உலகப் போரில் நச்சுப்புகைக்கு ஆளானவர். 32 வயதில்தான் முதல் பந்தயம். 1932இல், 38 வயதில், லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம்! அடுத்தவர் வந்துசேர ஏழு நிமிடம் ஆயிற்று.

அந்தப் பந்தயம் இன்று ஒலிம்பிக்கில் இல்லை. 2021இல் டோக்கியோவோடு எடுத்துவிட்டனர். பெண்களுக்கு அதில் இடமில்லை, ஆண் பெண் சமநிலை வேண்டும் என்பது காரணம். சமநிலை வேண்டியதுதான், மறுப்பார் யார்? பெண்களுக்கும் பாதையைத் திறந்துவிட்டிருக்கலாமே! இருவருக்கும் சேர்த்து அடைத்தது என்ன நியாயம்?