ஊருக்கு வெளியே இறக்கிவிட்டால் போதுமா?

சென்னைப் புறநகரான கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறந்து 2025 டிசம்பர் 30-ஆம் தேதியோடு இரண்டு ஆண்டுகள் நிறைகின்றன. 88 ஏக்கர் நிலம், 390 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, கலைஞர் நூற்றாண்டுப் பெயர், முதலமைச்சர் கையால் திறப்பு என்று எல்லாம் முறையாக நடந்தன. அங்கே வந்து இறங்குகிறவர் வீடு போய்ச் சேர ஒரு ரயில் மட்டும் இன்னும் வரவில்லை. தாம்பரம் – செங்கல்பட்டு தண்டவாளம் ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில்தான் ஓடுகிறது. மின்சார ரயில்கள் வண்டலூரில் நிற்கின்றன, ஊரப்பாக்கத்தில் நிற்கின்றன. இடையில் லட்சக்கணக்கானோர் வந்திறங்கும் இடத்தில் நிற்பதில்லை. நிலையம் கட்டி முடியவில்லை. நிலையத்துக்குச் சாலையைக் கடந்து போக வேண்டிய ஆகாய நடைபாலமும் முடியவில்லை.

இதைத் தாமதம் என்று சொல்லி மழுப்ப முடியாது. முனையத்துக்கு அடிக்கல் நாட்டியது 2019-இல், எடப்பாடி பழனிசாமி முதல்வராக இருந்தபோது. திறந்தது 2023-இல், மு.க. ஸ்டாலின் ஆட்சியில். ரயில் நிலைய வேலை தொடங்கியதோ 2024-இல். நடுவில் இருந்த ஆண்டுகளில் இரு ஆட்சியிலும் ஒரு அமைச்சருக்கோ ஒரு அதிகாரிக்கோ ரயில்வேயிடம் போய் உட்கார்ந்து இதைப் பேசி முடிக்கத் தோன்றவில்லையா? கிரகப்பிரவேசம் முடிந்த பிறகு கிணறு வெட்ட ஆள் தேடுகிற வேலை இது. இன்னொன்றையும் நினைவூட்டுகிறோம். ஜி.எஸ்.டி. சாலையில் மழைநீர் தேங்குகிறது, வடிகால் முடியட்டும் என்று முனையத்தின் திறப்பையே ஒத்திவைத்தார்கள். அது சரியான முடிவு. தண்ணீர் போக வழியில்லை என்று விழாவைத் தள்ளிப்போடத் தெரிந்த அரசுக்கு, மனிதர் போக வழியில்லை என்று தள்ளிப்போடத் தெரியவில்லை.

விடியற்காலை நான்கு மணிக்கு அங்கே போய்ப் பார்க்க வேண்டும். திருநெல்வேலி வண்டியும் மதுரை வண்டியும் நாகர்கோவில் வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆட்களைக் கொட்டுகின்றன. அரிசி மூட்டை, தேங்காய்ப் பை, தோளில் தூங்கும் பிள்ளை. பெரியவர் ஒருவர் தூண் ஓரம் மூட்டையை வைத்துக் காவல் நிற்க, மகன் மாநகரப் பேருந்து நிற்கும் பக்கம் ஓடுகிறான். 70வி வந்ததும் கதவை மொய்க்கிறது கூட்டம். மூட்டையோடு நிற்பவரைப் பார்த்து ‘அடுத்த வண்டியில வாங்க’ என்கிறார் கண்டக்டர். கட்டணமில்லாப் பேருந்துக்காகப் பெண்கள் ஒதுங்கிக் காத்திருக்கிறார்கள், வருவதோ சொகுசுப் பேருந்து. வெளியே ஆட்டோக்காரர் சொல்லும் தொகை, ஊரிலிருந்து இங்கே வர ஒரு ஆளுக்குக் கொடுத்த பஸ் கட்டணத்தைத் தாண்டுகிறது. பொறுமை தீர்ந்தவர்கள் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, சீறி வரும் லாரிகளுக்கு நடுவே ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து ஊரப்பாக்கம் நிலையம் நோக்கி நடக்கிறார்கள்.

முன்பு இவர்கள் பெருங்களத்தூரிலோ தாம்பரத்திலோ கிண்டியிலோ அசோக் பில்லரிலோ இறங்கிக்கொண்டார்கள். மிச்சப் பேர் அப்போதைய முனையமான கோயம்பேடு வரை வந்தார்கள். இன்று கோயம்பேட்டுக்கும் கிளாம்பாக்கத்துக்கும் இடையில் உள்ள ஏறத்தாழ 30 கிலோமீட்டர், பயணியின் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது.

முனையத்தை மாற்றியதையே குறை சொல்லவில்லை. 2002-இல் திறந்த கோயம்பேடு நிரம்பி வழிந்தது. பண்டிகைக் காலத்தில் வடபழனி முதல் மதுரவாயல் வரை நகரம் உறைந்து நின்றது. வெளியூர் வண்டிகள் நகருக்குள் வரக் கூடாது என்ற முடிவில் நியாயம் உண்டு. கட்டடமும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் வண்டியை வெளியே நிறுத்துவது பாதி வேலை. இறங்கியவரை உள்ளே கொண்டுசேர்ப்பது மீதிப் பாதி. அந்தப் பாதிக்கு இன்றுவரை யாரும் பொறுப்பேற்கவில்லை.

2024 பிப்ரவரியில் நள்ளிரவில் ஊருக்குப் போக பஸ் கிடைக்காமல் பயணிகள் சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். முகூர்த்த நாள் கூட்டம் என்று விளக்கம் வந்தது. பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே அச்சாகிற நாள்தானே முகூர்த்த நாள்? தனியார் ஆம்னி பஸ்களும் கிளாம்பாக்கம் போக வேண்டும் என்றபோது, அவற்றின் உரிமையாளர்களுக்கு உயர் நீதிமன்றம் போக வழக்கறிஞர்கள் இருந்தார்கள். போரூரிலும் சூரப்பட்டிலும் ஆள் ஏற்றி இறக்க இடைக்கால அனுமதி வாங்கிக்கொண்டார்கள். அரசுப் பேருந்தில் வரும் கூலித் தொழிலாளிக்கு வாதாட யார் இருக்கிறார்கள்? ஆக, காசு கொடுக்கத் திராணியுள்ளவர் நகருக்கு அருகே இறங்குகிறார். இல்லாதவர் வண்டலூர் தாண்டி இறங்குகிறார்.

மாநகரப் பேருந்துகளை அதிகம் விட்டிருக்கிறோம் என்பார்கள். எங்கிருந்து விட்டார்கள்? மாநகர் போக்குவரத்துக் கழகத்திடம் இருப்பவை மூவாயிரத்துச் சொச்சம் வண்டிகள். நல்ல சேவைக்கு லட்சம் பேருக்கு 60 பேருந்துகள் வேண்டும் என்பது மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் வகுத்த அளவுகோல். 2011 கணக்கெடுப்பின்படி சென்னைப் பெருநகரத்தில் இருந்த 86 லட்சம் பேருக்கே ஐயாயிரத்துக்கு மேல் தேவை. அதற்குப் பின் நகரம் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்பது பழைய மகாபலிபுரம் சாலையில் மாலை ஆறு மணிக்கு நின்றவருக்குத் தெரியும். 2022-இல் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அரசாணை போட்டார்கள். எல்லை ஐந்து மடங்காகியது. பேருந்து இரண்டு மடங்குகூட ஆகவில்லை. ஒரு தடத்தில் பிடுங்கி இன்னொரு தடத்தில் விடுவதற்குக் கூடுதல் பேருந்து என்று பெயர் வைக்கிறார்கள்.

ஆட்டோவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்று 2013-இல் நிர்ணயித்ததோடு அரசு கையைக் கழுவிவிட்டது. அந்தப் பழைய கட்டணத்தில் எந்த ஓட்டுநர் மீட்டர் போடுவார்? அவரைத் திட்டிப் பயனில்லை. கட்டணத்தைத் திருத்தாமல் வைத்திருப்பது கோட்டையில் தூங்கும் கோப்பு.

ரயில்வேக்கும் இதில் பங்கு உண்டு. நான்காவது பாதை போடுவதற்காகக் கடற்கரை – சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயிலை 2023 ஆகஸ்டில் நிறுத்தியபோது ஏழு மாதம் என்றார்கள். மறுபடி ஓடியது 2024 அக்டோபர் கடைசியில். கிளாம்பாக்கத்துக்கு அவர்கள் சொன்ன தேதிகளும் இப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாகக் காலாவதியாகின்றன. 2016-இல் விமான நிலையம் வந்த மெட்ரோவுக்கு அங்கிருந்து கிளாம்பாக்கம் இன்னும் 15 கிலோமீட்டர்தான். அன்றிலிருந்து அந்த 15 கிலோமீட்டரில் கோப்பு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பேருந்து, ரயில், மெட்ரோ மூன்றையும் ஒரே கூரையின் கீழ் திட்டமிடத்தான் ‘கும்டா’ என்ற ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010-இலேயே சட்டம் போட்டார்கள். அதன் முதல் கூட்டம் நடக்க 2022 ஆயிற்று. தலைவர் முதலமைச்சரே. மூன்றுக்கும் ஒரே டிக்கெட் தரும் செயலியை 2025-இல் கொண்டுவந்தார்கள், பாராட்டலாம். நிலையமே இல்லாத ரயிலுக்குச் செயலியில் டிக்கெட் எடுத்து என்ன செய்வது?

எனவே கேட்கிறோம். ரயில் நிலையமும் நடைபாலமும் எந்தத் தேதியில் திறக்கும் என்பதைத் தெற்கு ரயில்வேயும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும் (சி.எம்.டி.ஏ.) கூட்டாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்தத் தேதி வரை, முனையத்திலிருந்து ஊரப்பாக்கத்துக்கும் வண்டலூருக்கும் ஒவ்வொரு ரயிலையும் ஒட்டி இலவச இணைப்புப் பேருந்து ஓட வேண்டும். ரயில் ஓடாத நேரத்தில், நள்ளிரவு முதல் விடியும் வரை, வெளியூர் அரசுப் பேருந்துகளைக் கோயம்பேடு வரை விட வேண்டும். அந்த வேளையில் எந்த நெரிசலும் கிடையாது, தடுக்க ஒரு காரணமும் கிடையாது. வெளியூர் டிக்கெட்டே மாநகரப் பேருந்திலும் செல்ல வேண்டும். ஆட்டோ கட்டணத்தை உடனே திருத்தி, முனைய வாசலில் முன்பணச் சீட்டு முறையைப் போலீஸ் கண்காணிப்பில் நடத்த வேண்டும்.

மேற்கே குத்தம்பாக்கத்தில் இன்னொரு முனையம் முடியும் தறுவாயில் இருக்கிறது. பெங்களூரு நெடுஞ்சாலை வண்டிகள் அங்கே போகும் என்கிறார்கள். அங்கிருந்து நகருக்குள் எத்தனை மாநகரப் பேருந்துகள், எந்த இடைவெளியில், இரவு எத்தனை மணி வரை ஓடும் என்ற அட்டவணையைக் கும்டா வெளியிட்டு, ஒரு மாதம் ஓட்டியும் காட்டட்டும். அதுவரை குத்தம்பாக்கத்தில் ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலை எடுக்கக் கூடாது.