வேலி நகர்ந்தால் பேசாமல் இருக்காதீர்கள்

"உறுதி என் பெயரில் இருக்கும்போது, பக்கத்து வீட்டுக்காரர் எப்படித் தனக்குச் சொந்தம் என்கிறார்?" குவைத்தில் உழைத்து நானுஓயாவில் 10 பேர்ச் வாங்கிய சகோதரி ஒருவர் என்னிடம் கேட்டார்.

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. தனியார் காணியை ஒருவர் உரிமையாளருக்கு எதிராக, தடையின்றித் தொடர்ந்து 10 வருடங்கள் ஆண்டனுபவித்தால் நீதிமன்றில் உரிமை கோரலாம். லீக்ஸ் பாத்திக்காக மூன்றடி தள்ளிப்போட்ட வேலியும் இப்படித்தான் எல்லையாகிவிடுகிறது.

ஆனால் உங்கள் அனுமதியோடு இருப்பவருக்கும், வாடகையோ விளைச்சலில் பங்கோ தந்து உங்கள் உரிமையை ஏற்பவருக்கும் இது கிடைக்காது. ஆகவே "பயிர் செய்யட்டும்" என்று வாயால் சொல்லி விடாமல், எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். மனக்கசப்பு வருமே என்று தயங்காதீர்கள். பின்னால் வரும் பெரிய சண்டையைத் தடுப்பது அந்தக் கடிதம்தான்.

அவர் மறுத்தால், நில அளவையாளரைக் கொண்டு அளந்து, மத்தியஸ்த சபைக்குச் செல்லுங்கள். அங்கும் தீராவிட்டால் 10 வருடம் முடியுமுன் மாவட்ட நீதிமன்றில் வழக்கிடுங்கள். பொலிஸ் முறைப்பாட்டை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். வசதியற்றோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உதவும்.

வேலி நகர்ந்தபோது அந்தச் சகோதரி குவைத்தில் இருந்தார். அப்படியானால் நாடு திரும்பிய பிறகே 10 வருடக் கணக்கு தொடங்கும். எனினும் 30 வருடம் கடந்தால் இந்தச் சலுகை இல்லை.

தோட்டக் காணிகளில் பெரும்பாலானவை அரசுக்குரியவை. அரசின் உரிமையை இந்தச் சட்டம் பாதிக்காது. தலைமுறைகளாக லயத்தில் வாழ்ந்தாலும் இதனால் நமக்கு ஒரு பேர்ச்சும் சொந்தமாகாது. அதனால்தான் சொல்கிறேன், உழைத்து வாங்கிய காணியில் ஓரடியையும் மௌனத்தால் இழக்காதீர்கள்.